திருமண் கரைந்த புதன்கிழமை

டொய்ங்.

பஸ்ஸில் எனக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் யாரோ ஒருவரின் கைப்பேசியிலிருந்து அந்தச் சத்தம் வரும். ஆன்லைன் வகுப்புக்குள் இன்னொருவர் நுழைந்துவிட்டார் என்று சொல்லும் சின்ன மணி. அவ்வளவுதான், என் முதுகு நிமிர்ந்துவிடும். கை தானாகப் போய் முந்தானையைச் சரிசெய்யும். "எல்லாருக்கும் கேக்குதா?" என்று உதடு வரைக்கும் வந்துவிட்டதை விழுங்கிக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்ப்பேன். காவிரிப் பாலம் வந்திருக்கும். தண்ணீர் ஓடினால் தண்ணீர், இல்லாவிட்டால் மணல். இரண்டுமே எனக்கு ஒரு வகுப்பறையின் தரை மாதிரிதான் தெரியும், யார் யாரோ நடந்துபோன தடங்களோடு.

விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஓய்வுக்குரிய வயதும் இல்லை, குணமும் இல்லை. ஒரு நாற்காலியில் சேர்ந்தாற்போல் உட்காரத் தெரியாத ஒருத்தி, ஆண்டுக்கணக்கில் திரைக்கு முன்னால் உட்கார்ந்து பல்கலைக்கழகத்துக்காகச் சுகாதார அறிவியல் நடத்தினாள் என்றால் என் அக்காவே நம்ப மாட்டாள். ஆனால் நடத்தினேன். காட்டூரில், மாடி வீட்டில், தஞ்சாவூர் சாலையின் ஹாரன் சத்தம் பாடத்தில் விழாமல் இருக்க ஜன்னலைச் சாத்திக்கொண்டு, வேர்த்து ஊற்ற ஊற்ற நடத்தினேன். நன்றாக நடத்தினேன் என்றும் சொல்வேன். எனக்கு அதில் கூச்சமில்லை.

போன வாரம் என்னைக் காப்பிக்குக் கூப்பிட்டீர்கள். புதிதாக ஆசிரியர்களாகச் சேர்ந்த நீங்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் சுற்றிச் சுற்றிக் கேட்டீர்கள். "பிள்ளைங்க பேசவே மாட்டேங்கறாங்க மேடம். கேமராவைப் போட மாட்டேங்கறாங்க. செவுத்தைப் பார்த்துப் பேசற மாதிரி இருக்கு. நீங்க என்ன பண்ணீங்க?" அங்கே நான் சிரித்து மழுப்பிவிட்டேன். காப்பி ஆறுவதற்குள் சொல்லிவிடக்கூடிய பதில் இல்லை அது. இப்போது எழுதுகிறேன்.

நானும் செவுத்தைப் பார்த்துப் பேசியவள்தான். கறுப்புச் சதுரங்கள். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு பெயர். வகுப்பு தொடங்கும்போது "குட் மார்னிங் மேம்" என்று எழுத்துகள் மழைபோல் விழும், முடியும்போது "தேங்க்யூ மேம்" என்று இன்னொரு மழை. நடுவில் வறட்சி. பொத்தானை அழுத்தி ஓட்டுப் போடச் சொல்லிப் பார்த்தேன், போட்டார்கள். புதிர்ப் போட்டி வைத்தேன், ஜெயித்தார்கள். சிறு சிறு குழுக்களாகப் பிரித்துத் தனி அறைகளில் விட்டுப் பேசச் சொன்னேன். ஓர் அறைக்குள் மெல்ல எட்டிப் பார்த்தேன். மயான அமைதி. பிறகு ஒரு குரல் மட்டும், "ஏய், மேம் வந்துட்டாங்கடி."

அப்போது எங்கள் துறைக்குத் தலைவராக இருந்தவரிடம் போய்ப் புலம்பினேன். அதிகம் பேசாத மனிதர். எதைச் சொன்னாலும் மேசையிலிருக்கும் பேனாவை நேராக்கிவிட்டுத்தான் சொல்வார். பேனாவை நேராக்கினார். "கேமராவைப் போடுங்கன்னு கெஞ்சாதீங்கம்மா. போடறதுக்கு ஒரு காரணத்தைக் குடுங்க" என்றார். அவ்வளவுதான். நான் அறையை விட்டு வெளியே வந்து படிக்கட்டு இறங்குவதற்குள் காரணம் கிடைத்துவிட்டது.

இவர்கள் எல்லோரும் வீட்டிலிருந்து படிக்கிறார்கள். எங்கள் பாடமோ உடம்பு. எந்த வீட்டில்தான் உடம்பு இல்லை?

அப்படித் தொடங்கியதுதான் 'வாரம் ஒரு வீடு'. புதன்கிழமை தோறும் ஒரு மாணவரின் வீடு எங்களுக்கு வார்டு. அந்த வீட்டில் நாள்பட்ட நோயுள்ள ஒருவர், அவருக்குச் சம்மதமிருந்தால், கைப்பேசியின் முன் உட்காருவார். மற்ற மாணவர்கள் விசாரிப்பார்கள். வீட்டுப் பிள்ளை தன் வீட்டு நோயாளிக்காகப் பதில் சொல்லக் கூடாது. நான் என் மைக்கை அணைத்துவிடுவேன். கடைசிப் பத்து நிமிடம் வரைக்கும் வாய் திறக்க மாட்டேன். இதுதான் முறை. எனக்கு அது எவ்வளவு பெரிய தண்டனை என்று என்னை அறிந்தவர்களுக்குத் தெரியும்.

முதல் வாரம் லால்குடிப் பக்கத்துச் செல்வியின் வீடு. வீட்டுக்குள் சிக்னல் கிடைக்காது என்பதால் அவள் அப்பாவை வயல் வரப்பில் நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தாள். முழங்கால் வலி. பிள்ளைகள் பெயர், வயது, தொழில், எத்தனை நாளாக வலி என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே போனார்கள். அவர் பொறுமையாகச் சொல்லிக்கொண்டே வந்தவர், திடீரென்று வேட்டியைத் தூக்கி முழங்காலைக் கேமராவுக்கு முன் நீட்டினார். "பேரக் கேட்டது போதும்யா. இதப் பாருங்க. வந்த விருந்தாளி மாதிரி வெளியவே நின்னுக்கிட்டு இருந்தா எப்படி?" எல்லாச் சதுரங்களும் சிரித்தன. சில திறந்தன. அந்தச் சிரிப்புக்கு முன்னால் நான் போட்ட எந்தப் புதிர்ப் போட்டியும் அவற்றைத் திறந்ததில்லை.

இப்போது வேதவல்லிக்கு வருகிறேன்.

ஸ்ரீரங்கத்தில், சித்திரை வீதியில் வாழ்க்கைப்பட்ட பெண். கல்யாணத்துக்குப் பிறகு படிப்பைத் தொடர்ந்தவள். வகுப்பில் அவள் குரலை நாங்கள் யாரும் கேட்டதில்லை. கேமரா திறந்ததில்லை. தேர்வுத் தாள்களில் நல்ல மதிப்பெண், ஆனால் வகுப்பில் வெறும் பெயர். சக ஆசிரியர் ஒருவர், "அந்தப் பொண்ணு போனை அலமாரியில வெச்சுட்டு அடுப்படியில தளிகை பண்ணிக்கிட்டு இருக்கும்" என்றுகூடச் சொன்னார். ஒரு நாள் தனிச் செய்தியில் எழுதினாள்: "மேம், அடுத்த புதன் எங்க அகத்துல வெச்சுக்கலாமா? மாமனாருக்குச் சர்க்கரை. அவரே வரேங்கறார்."

அந்தப் புதன்கிழமை அவள் கேமரா முதன்முதலாகத் திறந்தது. ஒரு கூடம். சுவரில் சாய்ந்த நாற்காலி. அதில் அவள் மாமனார். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சட்டை இல்லாத மார்பில் மடித்த உத்தரீயம், நெற்றியில் வெள்ளைத் திருமண் பளிச்சென்று, நடுவில் ஸ்ரீசூர்ணத்தின் சிவப்புக் கோடு நேர்க்கோடாக. கண்ணாடியைத் தூக்கிவிட்டுத் திரையை உற்றுப் பார்த்தார்.

"எத்தனை பேர் இருக்கேள்? ஒரு மூஞ்சியையும் காணோமே. ஆவி உலகத்தோட பேசற மாதிரின்னா இருக்கு!"

சதுரங்கள் கொஞ்சம் வெட்கப்பட்டுத் திறந்தன. திருவானைக்காவல் பிரகாஷ் மருந்துக் கடையில் பகுதிநேரம் வேலை பார்ப்பவன், வகுப்பின் வாய். "ஆவி இல்ல தாத்தா, நெட்டு ஸ்லோ" என்றான்.

"தாத்தாவா? மாமான்னு சொல்லு. நேக்கு இன்னும் அவ்வளவு வயசாகலை."

விசாரணை தொடங்கியது. எத்தனை வருஷமாகச் சர்க்கரை? பாதத்தில் எரிச்சல் உண்டா? தூக்கம் எப்படி? நடைப் பயிற்சி? அவர் ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை சொன்னார். தினம் கோயிலைச் சுற்றி வருவதே தன் நடைப் பயிற்சி என்றார். மாத்திரை விஷயத்தில் தன்னை மிஞ்ச ஆள் இல்லை என்றார். "போன வாரம் டாக்டர் புதுசா ஒண்ணு எழுதிக் கொடுத்தார். காலம்பற எழுந்ததும் ஒண்ணு. இன்னிக்கும் போட்டாச்சு. நான் எதையும் தவற விடறவன் இல்லை." பிள்ளைகள் கைதட்டும் படங்களாகப் பொழிந்தார்கள். மைக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்த நானும் தலையாட்டினேன்.

பிறகு அவர் ரயில்வே நாட்களைப் பற்றி ஒரு கதை சொன்னார். நீராவி என்ஜினுக்குள் கொக்கு ஒன்று புகுந்துகொண்ட கதை. எல்லோரும் சிரித்தார்கள். முடித்தார். கொஞ்சம் நிறுத்தினார். அதே கதையை முதலிலிருந்து ஆரம்பித்தார்.

சிலர் மறுபடியும் சிரித்தார்கள். வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்திருப்பார்கள். பிரகாஷ் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அப்போது செல்வியின் குரல் குறுக்கே விழுந்தது. பின்னால் பம்புசெட் சத்தம்.

"மேம். ஐயாவுக்கு நாமம் கரையுது மேம்."

நான் திரையை நெருங்கிப் பார்த்தேன். ஆமாம். சிவப்புக் கோடு நெளிந்து மூக்கின் மேல் இறங்கிக்கொண்டிருந்தது. வெள்ளைக் கால்கள் இரண்டும் பிசிறு பிசிறாகக் கலைந்து புருவத்தில் தேங்கியிருந்தன.

"ஃபேன் ஓடுது மேம்," என்றாள் செல்வி. "அவரு உத்தரீயம் பறக்குது. ஆனா நெத்தி இப்படி வேர்க்குது."

வெயிலில் நின்று வேலை செய்யும் அப்பாவை நாள் முழுக்கப் பார்க்கும் பெண்ணுக்கு எந்த வேர்வை நியாயமானது, எந்த வேர்வை இல்லை என்று தெரிந்திருக்கிறது. நான் புத்தகத்தில் நடத்தியிருந்தேன்: திடீர் வியர்வை, மனக்குழப்பம், நடுக்கம், காரணமில்லாத கோபம். இரத்தத்தில் சர்க்கரை சரசரவென்று இறங்குவதன் அடையாளங்கள். நடத்திய என்னை முந்திக்கொண்டு அவள் அதைப் பார்த்துவிட்டாள். அந்த நொடியிலும், பயத்துக்கு நடுவிலும், என் மார்புக்குள் ஏதோ ஒன்று எழுந்து நின்று கைதட்டியது.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். முறையை நாமே உண்டாக்கியதால் அதன் மேல் நமக்குப் பாசம் வந்துவிடும். பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும், இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் என்று தோன்றும். தோன்றினால் அதைக் கேட்காதீர்கள். மூளைக்குச் சர்க்கரை போகாத நேரம் பாடம் நடத்துகிற நேரம் இல்லை. நான் மைக்கைத் திறந்தேன்.

"வேதா, நான் பேசறேன். மாமாவுக்குச் சர்க்கரை ரொம்பக் குறைஞ்சுடுச்சு. ஒரு டம்ளர் தண்ணியில நாலஞ்சு ஸ்பூன் சர்க்கரையைப் போட்டுக் கரைச்சுக் கொண்டு வாங்க. ஓடுங்க. செல்வி, நீங்க 108-க்குப் போன் போடுங்க, விலாசம் வேதா சொல்வாங்க. பிரகாஷ்..."

"கிளம்பிட்டேன் மேம். கடையில சுகர் பாக்கற மெஷின் இருக்கு, எடுத்துட்டு வந்துர்றேன்." அவன் சதுரத்தில் காலி நாற்காலி ஒன்று சுழன்றுகொண்டிருந்தது.

வேதா டம்ளரோடு வந்தாள். கணவன் அலுவலகத்தில், மாமியார் பெங்களூரில் மகள் வீட்டில். கூடத்தில் அவளும் அவரும் மட்டும். டம்ளரை அவர் வாயருகே கொண்டுபோனாள். அவர் அதைத் தள்ளினார். பாதி தரையில்.

"என்னடி இது? இன்னிக்கு என்ன நாள்னு தெரியாதா நோக்கு?"

"மாமா, கொஞ்சமே கொஞ்சம்..."

"ஏகாதசிடி! ஒரு பருக்கை, ஒரு வாய் கிடையாது. இத்தனை வருஷத்துல ஒரு தரம் தவறியிருக்கேனா?" குரல் உயர்ந்து, உடைந்து, குழறியது. உதடுகளை இறுக்கிக்கொண்டார். கைகள் நடுங்கின. அவளை அவளுடைய பெயரால் கூப்பிடாமல் வேறு யாரோ ஒரு ருக்மிணியைக் கூப்பிட்டார்.

வேதா திரையைத் திரும்பிப் பார்த்தாள். அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன். "மேம், மாமா உபவாசம். நேத்து ராத்திரியிலேருந்து ஒண்ணும் இல்லை. வாயை மூடிண்டுட்டார் மேம். என்ன பண்றது?"

அப்போதுதான் எனக்கு முழுதும் விளங்கியது. மாத்திரையைத் தவற விடாத மனிதர். ஏகாதசியையும் தவற விடாத மனிதர். புது மாத்திரை வந்த பிறகு இது முதல் ஏகாதசி. இரண்டு ஒழுக்கங்களும் காலையில் ஒரே உடம்புக்குள் நுழைந்து நேருக்கு நேர் மோதிக்கொண்டன.

மயங்கிச் சரிந்துவிட்டால் வாய்வழியாக எதையும் கொடுக்க முடியாது. புரை ஏறிவிடும். இப்போது நினைவு இருக்கிறது, விழுங்குகிறார். இன்னும் கொஞ்ச நேரம்தான் அந்தக் கதவு திறந்திருக்கும். ஆம்புலன்ஸ் பாலத்து நெரிசலைத் தாண்டி வர வேண்டும். எனக்குத் தெரிந்த மருத்துவம் அத்தனையும் அந்த இறுகிய உதடுகளுக்கு வெளியே நின்றது. கட்டாயப்படுத்தச் சொல்லவா? கையைப் பிடித்து, வாயைத் திறந்து ஊற்றச் சொல்லவா? அது ஆபத்து. அவளால் முடியவும் முடியாது. மாமனாரின் முன்னால் குரலை உயர்த்தியே அறியாத பெண்.

பாலக்கரை ஷமீமாவின் மைக் திறந்தது.

"வேதா, நான் ஷமீமா. எங்க அத்தாவும் இப்படித்தான். நோன்பு நேரத்துல தண்ணியக் காட்டினாக்கூட மூஞ்சியத் திருப்பிக்குவாங்க. உங்க மாமாகிட்ட சர்க்கரைன்னும் சொல்லாதீங்க, மருந்துன்னும் சொல்லாதீங்க. உங்க மாமா இன்னிக்கு எதையுமே வாய்ல போட மாட்டாரா? எதுக்காவது விலக்கு இருக்கா? யோசிச்சுச் சொல்லுங்க, எது குடுத்தா அவரு வாங்குவாரு?"

"எதுவுமே இல்லை ஷமீமா. துளசி தீர்த்தம் மட்டும்தான்..."

வேதா நின்றாள். வார்த்தை அவளுக்கே கேட்டது.

அடுத்த கணம் திரையில் அவளைக் காணவில்லை. உள்ளே வீட்டுப் பெருமாள் சந்நிதியில் பாத்திரம் உரசும் சத்தம். திரும்பி வந்தபோது கையில் வெள்ளி வட்டில், தீர்த்தம் கொடுக்கும் சின்னக் கரண்டியான உத்தரணி. வட்டிலுக்குள் சர்க்கரையைக் கொட்டி விரலால் கலக்கிக்கொண்டே வந்தாள். மேலே துளசி மிதந்தது. நாற்காலிக்கு முன் மண்டியிட்டாள். அவள் குரலை நாங்கள் அன்றைக்குத்தான் முழுதாகக் கேட்டோம்.

"மாமா. பெருமாள் தீர்த்தம். கையை நீட்டுங்கோ."

அவர் கண்கள் எங்கோ இருந்தன. ஆனால் கைகள் எழுந்தன. இடக்கை உத்தரீயத்தின் நுனியை மடித்துப் பிடித்தது, அதன் மேல் வலக்கை வந்து உட்கார்ந்தது, உள்ளங்கை குழிந்தது. ஆயுள் முழுவதும் செய்த காரியம். மூளை தள்ளாடிக்கொண்டிருந்தது, கைகளுக்கு வழி தெரிந்திருந்தது. ஓர் உத்தரணி. ஒரு துளி சிந்தாமல் உறிஞ்சினார். இரண்டு. மூன்று.

"தொண்டையைப் பாருங்க வேதா, ஒவ்வொரு தடவையும் விழுங்கறாரான்னு" என்றேன். நான் சொல்ல வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

மூன்றாவது ஆனதும் கையை இழுத்துக்கொண்டார். தீர்த்தம் மூன்று முறைதான். அதுதான் வழக்கம். அந்தச் சின்ன உத்தரணியில் மூன்று முறை எதற்குக் காணும்? நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

வேதா திகைக்கவில்லை. "மாமா, அடுத்தது தாயார் சந்நிதி. தாயார் தீர்த்தம்" என்றாள்.

கை மறுபடியும் நீண்டது.

மூன்று உத்தரணி. "சக்கரத்தாழ்வார் சந்நிதிக்கு வந்துட்டோம் மாமா." மூன்று. ஒரு பெண் தன் வீட்டுக் கூடத்தில் மண்டியிட்டபடி ஒரு மனிதரைக் கைபிடித்துக் கோயில் முழுக்கச் சந்நிதி சந்நிதியாக அழைத்துப் போய்க்கொண்டிருந்தாள். லால்குடி வரப்பிலிருந்தும் பாலக்கரை மாடியிலிருந்தும் ஊர் ஊராக எங்கள் பிள்ளைகள் அவள் பின்னால் நடந்தார்கள். எல்லாச் சதுரங்களும் திறந்திருந்தன. யாரையும் நான் திறக்கச் சொல்லவில்லை. ஒரு பெண் கையைக் கூப்பியிருந்தாள். ஷமீமா துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். வட்டிலில் சர்க்கரை தீர்ந்தபோது வேதா எழுந்து ஓடிப்போய் இன்னும் கலக்கிக்கொண்டு வந்தாள்.

"உடையவர் சந்நிதி மாமா."

ராமானுஜர் சந்நிதி வந்தும் கை நீளவில்லை. நான் திரையை இன்னும் நெருங்கினேன்.

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கண்ணாடியைத் தேடினார், மூக்கின் மேலேயே இருந்தது. அவளைப் பார்த்தார். இந்த முறை அவளைத்தான் பார்த்தார்.

"ஏண்டி வேதா, நடுவுல தன்வந்திரியை விட்டுட்டியே? அவரைச் சேவிக்காம உடையவர்கிட்ட என்ன அவசரம்?"

நானும் ஆண்டுக்கணக்காக நினைவு திரும்பியதைச் சோதிக்கும் கேள்விகளைக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். இன்று என்ன கிழமை, நீங்கள் எங்கே இருக்கிறீர்கள், இவர் யார். இப்படி ஒரு விடையை எந்த நோயாளியும் எனக்குத் தந்ததில்லை. செல்வி வரப்பில் நின்றபடி "வந்துட்டாரு! மேம், ஐயா வந்துட்டாரு!" என்று கத்தினாள். பம்புசெட்டையும் மீறிக் கேட்டது.

கொஞ்சத்தில் பிரகாஷ் வேதாவின் சதுரத்துக்குள் மூச்சிரைக்க நுழைந்தான். சோதித்தான். எண் இன்னும் தாழ்வாகத்தான் இருந்தது, ஆனால் அபாயத்தைத் தாண்டிவிட்டது. இந்த மாத்திரை நாள் முழுக்க வேலை செய்யும், சர்க்கரை மறுபடி இறங்கலாம், ஆஸ்பத்திரியில் வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்று நான் சொல்லும் முன் அவனே சொன்னான். ஆம்புலன்ஸ் வீதிக்குள் திரும்பும் சத்தம் கேட்டது.

பின்கதையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்து அனுப்பினார்கள், மாத்திரையையும் அளவையும் மாற்றினார்கள். அவர் நலம். பிள்ளைகள் விசாரணைக் கேள்விகளை அவர்களே உட்கார்ந்து திருத்தி எழுதினார்கள், என்னிடம் காட்டக்கூட இல்லை. அடுத்த ஆண்டு வந்தவர்களுக்கு வேதாதான் முதல் வகுப்பை நடத்தினாள், கேமராவைத் திறந்துவைத்துக்கொண்டு. இன்றைக்கு அவள் ஒரு மருத்துவமனையில் சர்க்கரை நோயாளிகளுக்கு ஆலோசனை சொல்கிறாள். வெளியே காத்திருப்பவர்களுக்கெல்லாம் அவள் குரல் கேட்கிறதாம். அதைக் கேள்விப்பட்ட அன்று நான் காட்டூரிலிருந்து திருவெறும்பூர் வரைக்கும் காரணமில்லாமல் நடந்தேன்.

நீங்கள் கேட்பீர்கள், கேட்கவும் வேண்டும்: அவரை ஏமாற்றியது சரியா? தெளிவான புத்தியோடு ஒருவர் வேண்டாம் என்றால் அது வேண்டாம்தான், நாம் கையைக் கட்டிக்கொண்டு எடுத்துச் சொல்லலாம், மீற முடியாது. அன்றைக்கு மறுத்தது அவரா, வற்றிப்போன சர்க்கரையா என்று சொல்ல அவரே அங்கே இல்லை. அவர் திரும்பி வரும் வரைக்கும் உடம்பைப் பார்த்துக்கொள்வது எங்கள் வேலை, வந்த பிறகு உண்மையைச் சொல்வதும் எங்கள் வேலை. இரண்டாவதை வேதா யாரும் சொல்லாமலே செய்தாள். எனக்கு அதில்தான் பெருமை அதிகம்.

அன்று ஆம்புலன்ஸ்காரர்கள் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். வேதா அவர் காலருகே அப்படியே உட்கார்ந்திருந்தாள், மடியில் வட்டில்.

"மாமா, மன்னிச்சுக்கோங்கோ. அது தீர்த்தம் இல்லை. சர்க்கரைத் தண்ணி. உங்க விரதத்தை நான்தான் முறிச்சுட்டேன்."

அவர் அந்த வட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெருமாள் வட்டில்தானே?"

"ஆமாம் மாமா."

"துளசி போட்டியோ?"

"போட்டேன் மாமா. அந்த அவசரத்துலயும் போட்டேன்."

"அப்புறம் என்ன? தீர்த்தம்தான். கண்ணைத் துடைச்சுக்கோ."

ஸ்ட்ரெச்சரை வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டுப் பிரகாஷின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். இரண்டடி நடந்தவர் கைப்பேசிக்கு முன் நின்றார். இப்போது அவருக்கு எல்லா முகங்களும் தெரிந்தன. ஒவ்வொன்றாகப் பார்த்தார். கரைந்த சிவப்பு மூக்கு நுனியில் காய்ந்திருந்தது.

"அத்தாவைப் பத்திச் சொன்ன பொண்ணு யாரு?"

"நான்தான் ஐயா. ஷமீமா."

"அவரை விசாரிச்சேன்னு சொல்லும்மா." பிறகு விரலை உயர்த்தி எங்கள் எல்லோரையும் சேர்த்துச் சுட்டினார். "இத்தனை பேர் இருக்கேள். தூங்கறேளா, நடக்கறேளா, மாத்திரை போட்டேளான்னு கேட்டேள். சாப்பிட்டேளான்னு ஒருத்தர் கேக்கலையே! அதையும் சேர்த்துக்கோங்கோ. நான் போயிட்டு வரேன்."